பெரிய டாக்டருக்கு உடம்பு சரியில்லை

பியானோ முதல் பேசுங்கிளி வரை எத்தனையோ சாமான்களை ஒரு வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்து, இன்னொரு வீட்டில் கீறல் படாமல் இறக்கிவைத்த குடும்பம் அது. ஆயினும், கடல் ஒன்றை இடம் மாற்றும் வேலை அதுவரை அவர்களிடம் வந்ததில்லை. வந்த அன்று, அந்தக் கண்ணாடித் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, உப்புத் தண்ணி, பாறை, மணலு, அப்புறம் உயிரோட மீனு. இதுக்கு எந்த ஸ்டிக்கர் ஒட்டறது? 'உடையும் பொருள்'னு ஒட்டறதா, 'நீந்தும் பொருள்'னு ஒட்டறதா?"

"வாயடிக்காம வேலையைப் பாரு. இது சிஸ்டரோட மீன்."

அவன் தன் அண்ணன் மனைவியை அண்ணி என்று அழைத்து அழைத்தே, கிடங்கில் மூட்டை தூக்கும் ஆட்கள் அனைவருக்கும், அவளைவிட மூத்தவர்களுக்குங்கூட, அவள் அண்ணியாகிவிட்டாள். லாரிகளும் வாடிக்கையாளரும் அவள் கணவரின் பொறுப்பு. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, எது எந்த அறைக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் அண்ணியின் பொறுப்பு. படுக்கையறைச் சாமானுக்குச் சிவப்பு நாடா, சமையலறைச் சாமானுக்குப் பச்சை நாடா என்று அவள் வகுத்த முறையை மீற அங்கே எவருக்கும் துணிச்சல் கிடையாது.

சிஸ்டர் என்று அவள் குறிப்பிட்டது ஊர்ப் பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமைச் செவிலியராக இருந்த அம்மையாரை. முந்தைய ஆண்டு, சாதாரணக் காய்ச்சல் என்று படுத்த அண்ணிக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சுக்குழாய் பொருத்தி, உணர்வின்றிக் கிடத்தியிருந்தார்கள். அந்த நாள்களில் அவள் நினைவில் எஞ்சியது ஒரு குரல் மட்டுமே. "இப்ப உங்க வலது கையைத் தூக்கறேன். இப்ப உங்களை இந்தப் பக்கம் திருப்பறேன். வெளியே நல்ல வெயில்." கேட்கிறாளா இல்லையா என்று தெரியாத ஒருத்தியிடம் அந்தக் குரல் செய்வதையெல்லாம் சொல்லிவிட்டே செய்தது.

அப்போது அவள் அறியாத இன்னொன்றை அவள் கணவர் அறிவார். வேலை முடிந்து கிளம்புமுன் ஒவ்வொரு மாலையும் சிஸ்டர் அவருக்குத் தொலைபேசியில் பேசுவார். தேறுதலுக்காக ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. "இன்னைக்கு மோசந்தான். ஆனா நேத்தைவிட மோசமில்லை" என்பார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்மனிதர் மறுநாள் மாலைவரை உயிரைக் கையில் வைத்திருப்பார். சிஸ்டர் தினமும் பேசினார் என்பதைப் பின்னர் அவளிடம் சொன்னார்; அந்தச் சொற்களை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

பிழைத்து வீடு திரும்பிய பின், நன்றி சொல்ல மருத்துவமனைக்குப் போனாள் அண்ணி. சிஸ்டர் அவள் தோளைத் தட்டி, "நல்லா நடக்கறீங்களே!" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குள் உள்ளிருந்து யாரோ அழைக்கவே ஓடிவிட்டார். அண்ணி வாயைத் திறந்தபடியே நின்றாள். சொல்ல வந்தது தொண்டையிலேயே தங்கிவிட்டது. அன்று முதல் அது அங்கேயே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

ஆதலால், "நான் வீடு மாத்தணும், நீங்க பண்ணித் தருவீங்களா?" என்று சிஸ்டர் ஒருநாள் அழைத்தபோது, அண்ணிக்குக் கை கால் ஓடவில்லை. சிஸ்டர் வாங்கிய புதிய வீட்டில் குழாய் வெடித்துத் தரை முழுவதையும் தோண்டிப் போட்டிருந்தார்கள். பழைய வீட்டை உடனே காலி செய்தாக வேண்டும். இதற்கிடையே, வேறோர் ஊரில் புதிதாய்த் திறந்த மருத்துவமனையில் செவிலியருக்குப் பயிற்சி அளிக்கச் சில மாதங்கள் அவர் போகவேண்டியிருந்தது. சாமான்கள் அதுவரை கிடங்கில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மீன்களை யாரிடம் விடுவது என்றுதான் சிஸ்டர் தயங்கினார்.

"நான் பார்த்துக்கறேன் சிஸ்டர்," என்றாள் அண்ணி, அவர் கேட்குமுன்பே.

தொட்டியைப் பிரிக்குமுன் சிஸ்டர் அவர்களுக்குத் தம் மீன்களை அறிமுகப்படுத்தினார். உள்ளங்கை அகலத்தில், வான்நீல நிறத்தில், விளிம்பில் மஞ்சள் கோடு ஓடிய ஒன்று, தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓயாமல் உலாவிற்று.

"இவர் பெரிய டாக்டர். எப்பவும் ரவுண்ட்ஸ்தான். ஒரு இடத்துல நிக்க மாட்டார், யார் கூப்பிட்டாலும் காதுல விழாது. இந்த ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்ட ரெண்டும் புருஷன் பொண்டாட்டி. பெரிசா இருக்கே, அதுதான் பொண்டாட்டி. சொன்ன பேச்சை அவர் தட்டவே மாட்டார்."

"எங்கண்ணன் வீட்டை எப்ப சிஸ்டர் பார்த்தீங்க?" என்றான் கொழுந்தன்.

"அடியில இருக்கிற ஒத்தை இறால் எங்க சமையல்காரர். இந்த மஞ்சள் குட்டி ரொம்பக் கூச்சம். பாறைக்குப் பின்னாலயே இருக்கும். ஆனா நான் வேலை முடிஞ்சு வந்ததும் எட்டிப் பார்க்கும்." இதைச் சொல்லும்போது சிஸ்டரின் குரல் சற்றுக் குழைந்தது. தனியே வாழ்பவர் அவர். நாள் முழுவதும் நோயாளிகளுடன் போராடிவிட்டு வரும் அவரை வீட்டில் வரவேற்பது அந்தத் தொட்டி ஒன்றே.

பழைய நீரைக் குழாய் வைத்து உறிஞ்சிக் கேன்களில் நிரப்பினார்கள். பாறைகளை ஈரத்துணியில் சுற்றினார்கள். மூடியிட்ட வாளிகளில் மீன்களை விட்டு, பேட்டரியால் ஓடும் காற்றுப் பம்பைப் பொருத்தினார்கள். கிடங்கின் முன்னறையில் தொட்டியை மறுபடி நிறுவி விளக்கைப் போட்டபோது, பெரிய டாக்டர் ஒரு மூலையிலிருந்து கிளம்பி ரவுண்ட்ஸைத் தொடங்கினார். ஒருவருக்கும் ஒரு குறையுமில்லை. அண்ணியின் கணவர் மீசையை நீவிவிட்டுக்கொண்டார். சிஸ்டர் நிம்மதியாக ஊருக்குப் போனார்.

சில நாள்கள் சென்றன. ஒரு காலை, தீனி போடச் சென்ற அண்ணி, பெரிய டாக்டரின் வாலருகே வெண்மையாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டாள். உற்றுப் பார்த்தால் இரண்டு மூன்று துகள்கள். முன்னறைக்கு அடுத்த கூடத்தில்தான் பெட்டிகளுக்குத் திணிக்கும் தெர்மோகோலை அறுப்பது வழக்கம். அறுக்கும்போது எழும் வெண்துகள்கள் தலைமயிரில், சட்டையில், தேநீர்க் கோப்பையில் என ஒட்டாத இடமில்லை. அண்ணிக்குச் சினம் தலைக்கேறிற்று.

"டேய்! மீன் இருக்கிற இடத்துல தெர்மோகோல் அறுக்காதேன்னு எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன்? பாரு, சிஸ்டரோட மீன் மேலயெல்லாம் ஒட்டிக்கிச்சு!"

கொழுந்தன் வந்து பார்த்தான். "ஆமா அண்ணி. டாக்டர் வெள்ளைக் கோட்டுப் போட ஆரம்பிச்சிட்டாரு போல."

அறுக்கும் மேசையைக் கிடங்கின் பின்கோடிக்குத் தள்ளினார்கள். தொட்டியின் மேல் துணி விரித்தார்கள். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ துகள்கள் மறைந்தன. "உதிர்ந்துடுச்சு!" என்று கொழுந்தன் கூவினான். அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாரும் நலம் என்று சிஸ்டருக்குச் செய்தி அனுப்பினாள். ஆட்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தாள்.

அந்தத் தேநீரின் சூடு ஆறியதும் ஆறாததுமாகத் துகள்கள் திரும்பி வந்தன. இம்முறை இரண்டு மூன்றல்ல. பெரிய டாக்டரின் உடம்பெங்கும் உப்பைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள். புருஷன், பொண்டாட்டி, மஞ்சள் குட்டி எவரும் தப்பவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸை மறந்து, பாறையில் விலாவை உரசிக்கொண்டும், செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டும் ஒரு மூலையில் நின்றார்.

அண்ணி சிஸ்டரை அழைத்தாள். தெர்மோகோல் கதை முழுவதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

 சிஸ்டர் மெல்லக் கேட்டார்: "தெர்மோகோல் தண்ணியில மிதக்கும் இல்லையாம்மா? அது எப்படி முங்கிப்போய் மீன் மேல ஒட்டும்?"

அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆயுளில் பாதியைத் தெர்மோகோலுடன் கழித்தவர்கள், கிடங்கில் இத்தனை பேர் இருந்தும், ஒருவருக்கும் அது தோன்றவில்லை!

"அது வெள்ளைப் புள்ளி நோய். ஒட்டுண்ணி," என்றார் சிஸ்டர். "என் தொட்டியில இதுவரைக்கும் வந்ததில்லை. நான் மீன் வாங்கற கடைக்காரர் நம்பர் அனுப்பறேன், உடனே போய்ப் பாருங்க." பின், நோயாளியின் உறவினர் எவரும் கேட்கும் அதே தொனியில், "பிழைச்சுக்கும் இல்லையா?" என்றார்.

அந்தக் குரலில் அப்படியொரு கேள்வியை அண்ணி எதிர்பார்க்கவில்லை. பிழைத்துக்கொள்ளும் என்று சொல்ல நா துடித்தது. ஆனால் அது அவளுக்குத் தெரியாது. "தெரியல சிஸ்டர். கடைக்காரரைப் பார்த்துட்டு சாயங்காலம் போன் பண்றேன்," என்றாள்.

மீன் கடைக்காரர் பருத்த உடம்பும் கரகரத்த தொண்டையும் கொண்டவர். கொழுந்தன் காட்டிய நிழற்படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"புள்ளி தெரியறப்ப பயப்படாதீங்கம்மா. மறைஞ்சுதே, அப்பத்தான் நீங்க பயந்திருக்கணும்."

"நாங்க டீ வாங்கிக் குடிச்சோம்," என்றான் கொழுந்தன்.

"எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. இது மீன் தோலுக்கடியில உக்காந்துக்கிட்டு தின்னும். கொழுத்ததும் தானா கழண்டு கீழே விழும். மணல்லயும் பாறையிலயும் ஒட்டிக்கிட்டு மேல ஒரு ஓடு கட்டிக்கும். அதுக்குள்ள ஒண்ணு நூறாகும். அப்புறம் வெடிச்சு வெளியே வந்து மீனைத் தேடிப் போகும். தொட்டியில எப்பவோ வந்து சத்தமில்லாம இருந்திருக்கும். வீடு மாத்தின அலைச்சல்ல மீன் தளர்ந்துச்சு, இது தலையைத் தூக்கிடுச்சு."

"மருந்து இல்லையா?" என்றாள் அண்ணி.

"செம்பு மருந்து இருக்கு. அந்தத் தொட்டியில ஊத்தினா இறாலு, நத்தை, பவளம் எல்லாம் மண்டையைப் போட்டுடும். அதைவிட ஒரு வழி இருக்கு. மீனை மட்டும் வெளியே எடுத்து, மணல் பாறை எதுவும் இல்லாத வெறும் தொட்டியில விடுங்க. மூணு நாளைக்கு ஒரு தடவை இன்னொரு சுத்தமான தொட்டிக்கு மாத்துங்க. இங்க விழுந்தது குஞ்சு பொரிச்சு வெளியே வந்து பார்க்கறப்ப வீடு காலியா இருக்கணும். காலியான அந்தத் தொட்டியைக் கழுவி வெயில்ல காய வெச்சா மிச்சமெல்லாம் செத்துடும். இப்படி ஒரு நாலஞ்சு தடவை."

கொழுந்தனின் முகம் மலர்ந்தது. "அண்ணி, இவர் நம்ம தொழிலைத்தான் சொல்றாரு! ஷிஃப்டிங்!"

"ஆனா பழைய தண்ணி ஒரு சொட்டுகூட புது வீட்டுக்கு வரக்கூடாது. வலை, குவளை, பம்பு எல்லாம் வேற வேற. உப்பும் சூடும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். பெரிய தொட்டியை அப்படியே ஓட விடுங்க, ரெண்டு மாசத்துக்கு மேல அதுல ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. இறால் இருக்கலாம், இறாலை அது தொடாது. தேடித் தேடி மீன் கிடைக்காம அதுவா செத்துப்போகும்." அவர் உப்பு மூட்டையையும், உப்பின் அளவு பார்க்கும் கருவியையும் எடுத்து வைத்தார். பிறகு ஏதோ நினைத்தவராய், கையளவு பருமனுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் சிலவற்றையும் போட்டார். "இது ஒளிஞ்சுக்க. வெறும் தொட்டியில நாலு பக்கமும் வெளிச்சமா இருந்தா மீனு பயத்துலயே செத்துடும்."

அந்தக் குழாய்த் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி லாரியில் அமர்ந்து வந்தாள். வெறும் அறை, எந்நேரமும் எரியும் விளக்கு, நான்கு புறமும் கண்கள். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். கண் விழித்த முதல் நாள், அவள் பார்வை விளக்கை விட்டு விலகத் தவிப்பதைக் கண்டு, எவரும் கேளாமலே ஒரு திரையை இழுத்துக் கட்டிலுக்கு ஒரு மூலையை உண்டாக்கிக் கொடுத்த கையை அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்றே கிடங்கில் வேலை தொடங்கிற்று. கண்ணாடிச் சாமான் அடுக்கும், உள்ளிருப்பது வெளியே தெரியும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு வந்தன. ஒன்றுக்குச் சிவப்பு நாடா, இன்னொன்றுக்குப் பச்சை நாடா. அதனதன் வலைக்கும் குவளைக்கும் பம்புக்கும் துணிக்கும் அதே நிறம். "சிவப்பைத் தொட்ட கை சோப்புப் போட்டுக் கழுவிக் காயாம பச்சையைத் தொட்டுச்சுன்னா, அந்தக் கையை எங்கிட்ட விட்டுட்டுப் போகணும்," என்று அண்ணி ஆணையிட்டாள். அலமாரிகளைச் சுற்றும் கம்பளியைத் தொட்டிகளைச் சுற்றிக் கட்டினார்கள், சூடு தங்கிற்று. உப்பை எடை பார்த்துக் கரைப்பது அவள் கணவரின் வேலையாயிற்று. கருவியைக் கண்ணருகே பிடித்து அவர் அளவு பார்க்கும் தோரணையில் கப்பல் தலைவன் தோற்றுப்போவான்.

முதல் மாற்றத்தின்போது அண்ணி குனிந்து, "டாக்டர், இப்ப உங்களைக் குவளையில எடுக்கப் போறேன். பயப்படாதீங்க. இந்தப் பக்கம் வாங்க," என்றாள்.

"அண்ணி, மீனுக்குக் காது எங்க இருக்கு?" என்றான் கொழுந்தன்.

"உனக்கு இருக்கிற இடத்துல இல்லை. இருந்திருந்தா உன்னை மாதிரியே கேட்காம இருந்திருக்கும்."

அதன்பின் மூன்று நாள்களுக்கு ஒருமுறை மீன்கள் வீடு மாறின. சிவப்பிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து சிவப்புக்கு. காலியான தொட்டியைக் கழுவி முற்றத்து வெயிலில் கவிழ்த்துவைப்பார்கள். வாடிக்கையாளர் வந்து லாரி கேட்டால், "இன்னைக்கு முடியாதுங்க, ஒரு டாக்டர் குடும்பத்துக்கு வீடு மாத்தறோம்," என்று கொழுந்தன் முகம் மாறாமல் சொல்வான்.

ஒவ்வொரு மாலையும், கிடங்கின் கதவை இழுத்து மூடுமுன், அண்ணி சிஸ்டரை அழைத்தாள். மருத்துவமனையில் எத்தனையோ பேருக்கு நெஞ்சுரம் ஊட்டிய அந்த அம்மையார் இப்போது, "சாப்பிட்டாரா? மூச்சு எப்படி வாங்கறார்? கண்ணு தெளிவா இருக்கா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். கேட்டதையே மறுபடியும் கேட்டார். இரண்டாம் மாற்றம் முடிந்த அன்று அண்ணி சொன்னாள்: "இன்னைக்கு மோசந்தான் சிஸ்டர். ஆனா நேத்தைவிட மோசமில்லை."

அந்தச் சொற்கள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியாது. தன் வாயில் வந்தவை என்றே எண்ணினாள். அருகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த அவள் கணவரின் கை அப்படியே நின்றது. அவர் எழுந்து வெளியே போய், ஏற்கெனவே துடைத்திருந்த லாரியின் முன்கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாற்றத்தன்று நண்பகலில் மஞ்சள் குட்டி குழாய்த் துண்டைவிட்டு வெளியே வந்து பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. கூச்சம் மிகுந்த அது கூச்சத்தை மறந்து வெளியே வந்தபோதே அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அவள் எல்லா வேலையையும் விட்டுவிட்டுத் தொட்டியருகே ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். "நான் இங்கதான் இருக்கேன். வெளியே நல்ல வெயில்," என்றாள். செவுள்கள் மெல்ல அசைந்தன, பின் அசையவில்லை.

கொழுந்தன் அன்று லாரி கேட்டு வந்தவரிடம், "இன்னைக்கு முடியாதுங்க," என்று மட்டும் சொன்னான்.

மாலை வந்தது. அண்ணி தொலைபேசியைக் கையில் எடுத்தாள். கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இன்னைக்குச் சொல்ல வேண்டாமே. வேலை செய்யற இடத்துல தனியா இருப்பாங்க. எல்லாம் முடிஞ்சு மத்தது பிழைச்சதுக்கப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்."

அவளுக்கும் அதுவே விருப்பமாய் இருந்தது. சொன்னால், தம் உயிருக்குயிரானவற்றை ஒப்படைத்தது தவறென்று சிஸ்டருக்குத் தோன்றலாம். தன் உயிரை மீட்டுத் தந்தவருக்குத் தான் திருப்பித் தருவது இதுதானா என்றும் நினைத்தாள்.

"ஏங்க, எனக்கு ரொம்ப மோசமா இருந்த அன்னைக்கு அவங்க உங்களுக்குப் போன் பண்ணாம இருந்தாங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "பண்ணினாங்க. அன்னைக்குத்தான் ரொம்ப நேரம் பேசினாங்க."

அண்ணி அழைத்தாள். முதல் மணியிலேயே சிஸ்டர் எடுத்துவிட்டார். சுற்றி வளைக்காமல், "சிஸ்டர், மஞ்சள் குட்டி மத்தியானம் போயிடுச்சு," என்றாள்.

மறுமுனையில் எங்கோ ஒரு கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. பின் சிஸ்டர் கேட்டார்: "தனியாவா இருந்துச்சு?"

"இல்ல சிஸ்டர். நான் பக்கத்துலதான் இருந்தேன். பேசிக்கிட்டே இருந்தேன்."

"அது போதும்மா," என்றார் சிஸ்டர்.  "அது போதும். மத்தவங்க எப்படி இருக்காங்க, சொல்லுங்க."

மற்றவர்களில் புருஷனும் பொண்டாட்டியும் தெளிந்துவந்தார்கள். பெரிய டாக்டருக்கோ புள்ளிகள் குறைந்தும் பசி வரவில்லை. போட்ட தீனி அடியில் கிடந்து நீரைக் கெடுத்தது. அண்ணி அதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருந்தாள். விலா ஒட்டிப்போய், முதுகெலும்பின் வரி தெரிந்தது. "இப்படியே போனா நோய் போயிடும், டாக்டரும் போயிடுவார்," என்றார் மீன் கடைக்காரர். காய்ந்த கடற்பாசித் தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நீரில் போட்டால் அது மிதந்து சுருண்டது. டாக்டர் திரும்பியும் பார்க்கவில்லை.

கொழுந்தன் யோசித்தான். கொடியில் துணி மாட்டும் கிளிப் ஒன்றை எடுத்துவந்து, பாசித்தாளை டாக்டர் ஒளியும் குழாய்த் துண்டின் வாயிலிலேயே கவ்வவைத்தான். "வீட்டு வாசல்லயே சாப்பாடு. இதுக்கு மேல எந்த மாமியார் வீட்டுல உபசாரம் பண்ணுவாங்க?" என்று தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டான்.

பெரிய டாக்டர் தலையை நீட்டினார்; உள்ளே இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். பாசியின் ஓரத்தைச் சட்டென்று ஒரு கடி கடித்தார். பிறகு இன்னொரு கடி.

"அண்ணீ!" என்று கொழுந்தன் போட்ட கூச்சலில் மூட்டை தூக்குவோர் அனைவரும் ஓடிவந்தனர். வாட்டசாட்டமான ஆண்கள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைச் சூழ்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மீன் பாசி கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அன்று சாயங்காலம் வரும்வரை அண்ணியால் காத்திருக்க முடியவில்லை. உடனே அழைத்துச் சொன்னாள். சிஸ்டர் மறுமுனையில் சிரித்தாரா அழுதாரா என்று பிரித்தறிய இயலவில்லை.

கடைசி மாற்றமும் முடிந்தது. புள்ளிகள் மறைந்தன, இம்முறை எவரும் தேநீர் வாங்கவில்லை. கடைக்காரர் கொடுத்த பஞ்சு வடிகட்டியைப் பொருத்தி, மீன்கள் சிவப்புத் தொட்டியிலேயே தங்கின. முன்னறையில் பெரிய தொட்டி, ஒற்றை இறாலுடன், விளக்கும் நீரோட்டமுமாய்க் காத்துக் கிடந்தது. "காலித் தொட்டிக்கு எதுக்குங்க கரண்ட்டு?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். "வீட்டுக்காரங்க வெளியூர் போயிருக்காங்க. சமையல்காரர் மட்டும் இருக்கார்," என்பான் கொழுந்தன். வாரங்கள் கழிந்தன. அண்ணி தினமும் காலையில் மீன்களின் உடம்பை முன்னும் பின்னும் உற்றுப் பார்ப்பாள். ஒரு வெண்துகளும் இல்லை.

சிஸ்டர் திரும்பி வந்தபோது புதிய வீட்டில் தரை போட்டு முடிந்திருந்தது. மீனில்லாமல் கிடக்கவேண்டிய காலத்தைப் பெரிய தொட்டியும் கடந்திருந்தது. அவர் ஊரிலிருந்து நேரே கிடங்குக்குத்தான் வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சிவப்புத் தொட்டியருகே மண்டியிட்டுக் கம்பளியை விலக்கினார். பெரிய டாக்டர் சுவரோரமாய் வந்து ஒரு கணம் நின்றார். எந்த இடத்திலும் நில்லாதவர் நின்றார்; அல்லது சிஸ்டருக்கு அப்படித் தோன்றிற்று. சிஸ்டர், பழைய கண்ணாடித் தொட்டியில் வைப்பதுபோல், பிளாஸ்டிக் சுவரில் விரலை வைத்தார். பிறகு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு எழுந்து, அங்கிருந்தவர் ஒவ்வொருவரையும் பார்த்துக் கைகூப்பினார். மூட்டை தூக்குவோர் வெட்கத்தால் நெளிந்தனர். 

மறுநாள் சாமான்கள் புதிய வீட்டுக்குப் போயின. எல்லாவற்றிற்கும் முதலில் தொட்டி. கூடத்தின் தெற்குச் சுவரோரம் அதை நிறுவி, நீரின் உப்பையும் சூட்டையும் இருமுறை சரிபார்த்து, மீன்களை விட்டார்கள். புருஷனும் பொண்டாட்டியும் பழைய மூலையைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டனர். பெரிய டாக்டர் பாறையைச் சுற்றிவந்தார். பின் வேகம் பிடித்தார்.

ஆட்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கையில், சிஸ்டர் இரண்டு கோப்பைகளில் தேநீர் கொண்டுவந்து, அண்ணியைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நான் எத்தனையோ வருஷமா சாயங்காலம் போன் பண்ணிக்கிட்டு இருக்கேன். எடுக்கிற பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க கூப்பிடற நேரம் வர்றதுக்கு முன்னாடியே போனைக் கையில வெச்சுக்கிட்டு வராந்தாவுல நடப்பேன். மஞ்சள் குட்டி போன அன்னைக்குக்கூட நீங்க கூப்பிட்டீங்க. அதுக்கப்புறம் நீங்க நல்லா இருக்குன்னு சொன்னப்பல்லாம் நான் நிம்மதியாத் தூங்கினேன். நிஜமாவே நல்லா இருக்குன்னு தெரியும்ல." அவர் அண்ணியின் கையைப் பற்றினார். "ரொம்ப நன்றிம்மா. எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

அண்ணிக்குக் கண் நிறைந்தது. ஓராண்டாய்த் தொண்டையில் கிடந்தது மேலெழுந்து வந்தது. 'ஐயோ, நாங்க பட்ட கடனை அடைச்சோம், அவ்வளவுதான் சிஸ்டர்' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இருவருக்கும் இடையே கணக்கு நேராகிவிடும். கணக்கு நேரானவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவளுக்கு எழுந்து போக மனமில்லை. சிஸ்டரும் இன்று எங்கும் ஓடுவதாய்த் தெரியவில்லை. உள்ளிருந்து அழைப்பதற்கு எவருமில்லை.

"நீங்க என்னைத் திருப்பிப் படுக்க வைக்கறப்ப பேசுவீங்களே, எல்லாம் கேட்டுச்சு சிஸ்டர்," என்றாள்.

சிஸ்டர் வியந்து அவளைப் பார்த்தார். "நிஜமாவா? எது கேட்டுச்சு?"

"சொல்றேன். மெதுவா சொல்றேன். ஒண்ணு விடாம சொல்றேன். இன்னும் கொஞ்சம் டீ இருக்கா?"

சிஸ்டர் கோப்பையை வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் ஒரு பெரிய பெட்டிக்குப் பின்னாலிருந்து, முகம் தெரியாமல், கொழுந்தனின் குரல் மட்டும் வந்தது.

"அண்ணி, டேப்பு கிழிஞ்சு போச்சு. இது எந்த ரூம்?"

"அங்கேயே வெச்சுட்டு நீயும் வந்து உக்காரு," என்றாள் அண்ணி.